பி1 வைட்டமின் எதற்கு, நாம் தின்னும் அரிசிக்கும் அதற்கும் என்ன தொடர்பு, யார் கவனமாக இருக்க வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை அட்டையில் முதலில் எழுதியிருக்கும் பி1, அதாவது தயமின், உடம்பில் என்ன வேலை செய்கிறது? வீட்டில் புழுங்கலரிசியை நிறுத்திவிட்டு வெள்ளை வெளேரென்ற பச்சரிசிக்கு மாறிவிட்டோம், தங்கைக்கு இப்போதுதான் குழந்தை பிறந்து பத்தியச் சாப்பாட்டில் இருக்கிறாள், நாங்கள் எல்லோரும் மாத்திரை போட வேண்டுமா?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பருப்பு, பயறு, முட்டை, கடலை, காய் என்று கலந்து சாப்பிடுகிற சாதாரண ஆளுக்கு மாத்திரை தேவையில்லை, பச்சரிசி சாப்பிட்டாலும் சரி. ஆனால் உங்கள் தங்கை விஷயம் வேறு. அவள் தட்டில் தினமும் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்து அது அவசரமான விஷயமாகவும் இருக்கலாம். நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம், பொறுமையாகப் படியுங்கள்.

சோறு, சப்பாத்தி, சர்க்கரை எது சாப்பிட்டாலும் கடைசியில் குளுக்கோஸாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது. செல்லுக்குள் போன குளுக்கோஸ் பாதி தூரம் உடைந்து பைருவேட் என்ற பொருளாக நிற்கும். அங்கிருந்து அது செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து முழுவதும் எரிந்தால்தான் நமக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி கிடைக்கும். அந்த நுழைவாசலில் வேலை செய்யும் என்சைமுக்குத் துணையாக தயமின் இருந்தே ஆக வேண்டும். உள்ளே போன பிறகும் இன்னொரு படியில் அதே தயமின் மறுபடி தேவைப்படுகிறது. அது இல்லாவிட்டால், அடுப்பு நிறைய விறகிருந்தும் காற்றுப் போகாமல் புகைந்துகொண்டே இருக்குமே, அந்த நிலைமைதான். பைருவேட் எரிய வழியில்லாமல் லாக்டிக் அமிலமாக மாறி ரத்தத்தில் தேங்கும். உடம்பில் ஓயாமல் சக்தி கேட்கும் உறுப்புகள் மூளை, இதயம், நரம்புகள். அதனால் அடி முதலில் அங்கேதான் விழும்.

இந்த வைட்டமினிடம் எனக்குக் கவலையாகப் படுகிற குணம் ஒன்று உண்டு. உடம்பில் இதன் கையிருப்பு ரொம்பக் குறைவு. பி12 கல்லீரலில் வருஷக்கணக்கில் தாங்கும். பி1 மொத்தமே 25 முதல் 30 மி.கி. வரைதான் இருக்கும், அதில் பெரும்பகுதி தசைகளில். தண்ணீரில் கரைவது என்பதால் உபரியாக வந்தால் சிறுநீரில் போய்விடும், சேர்த்து வைக்க முடியாது. வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கஜானா காலி. ஒரு நாளைக்குப் பெரியவர்களில் ஆணுக்கு 1.2 மி.கி., பெண்ணுக்கு 1.1 மி.கி., கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 1.4 மி.கி. என்பது உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கடும் உடலுழைப்பு உள்ளவர்களுக்கு இன்னும் கூடும். மாவுச்சத்து எவ்வளவு கூடுதலாகச் சாப்பிடுகிறோமோ அவ்வளவு கூடுதலாக பி1 தேவைப்படும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தீட்டிய வெள்ளைச் சோற்றை மலைபோல் குவித்துச் சாப்பிடுகிறவருக்குத் தேவையும் ஏறுகிறது, அந்தச் சோற்றிலிருந்து வரவும் இல்லை. இப்படி இரண்டு பக்கமும் இடிப்பதால்தான் அரிசியை நம்பி வாழ்ந்த நாடுகளில் பெரிபெரி என்ற நோய் லட்சக்கணக்கானவர்களைப் பிடித்தது.

பெரிபெரியின் தொடக்கத்தை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பசி மந்தம், அசதி, எரிச்சல், கெண்டைக்கால் வலி, பாதம் மரத்துப்போவது, பாதத்தில் எரிச்சல். குந்தி உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாமல் தடுமாறுவது பழைய மருத்துவர்கள் தேடிப் பார்த்த முக்கியமான அடையாளம். அப்புறம் அது இரண்டு வழியாகப் போகும். ஒன்றில் நரம்புகள் கெட்டு, கால் தசை கரைந்து, பாதம் தொங்கி நடை போய்விடும். இன்னொன்றில் கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் பெருத்துத் தறிகெட்டு அடித்துக் கடைசியில் நின்றுவிடும். இந்த இரண்டாவது வகை சிலருக்கு மணிக்கணக்கில் முற்றி உயிரை எடுத்துவிடும்.

இது சத்துக் குறைவால் வருகிற நோய் என்று கண்டுபிடிக்க உலகம் பட்ட பாடு பெரிய கதை. 1882 கடைசியில் கிளம்பிய ரியூஜோ என்ற ஜப்பானியப் பயிற்சிக் கப்பலில் 376 பேர் போனார்கள், 169 பேருக்கு பெரிபெரி, 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ, சாப்பாட்டை மாற்றி, இறைச்சியும் பாலும் பார்லியும் சேர்த்து, 1884இல் சுகுபா என்ற கப்பலை அதே பாதையில் அனுப்ப வைத்தார். 14 பேருக்குத்தான் நோய் வந்தது, ஒருவர்கூடச் சாகவில்லை. புரதம் போதாததுதான் காரணம் என்று அவர் நினைத்தது தவறு, ஆனால் வைத்தியம் சரி. ஜப்பான் தரைப்படை இதை ஏற்கவில்லை, கிருமிதான் காரணம் என்று நின்றது. 1904–05 ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படையில் பெரிபெரிக்கு மட்டும் சுமார் 27,000 பேர் பலியானதாகக் கணக்கு. விடை கையில் வந்து இருபது வருஷம் கழித்து நடந்த சாவுகள் இவை, படிக்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது.

ஜாவாத் தீவில் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு மருத்துவர் எய்க்மான், ஆய்வுக்கு வளர்த்த கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், பிறகு தானாகவே தேறுவதையும் பார்த்தார். விசாரித்தால், மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு கொஞ்ச காலம் கோழிகளுக்குப் போயிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர் ராணுவ அரிசியைச் சிவிலியன் கோழிக்குத் தர மாட்டேன் என்று நிறுத்திவிட்டார், மறுபடி தீட்டாத அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. வெள்ளை அரிசியில் ஏதோ நச்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று எய்க்மான் முதலில் நம்பினார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ்தான் 1901இல் அதைத் திருப்பிச் சொன்னார்: நச்சு எதுவும் இல்லை, தீட்டும்போது ஏதோ ஒன்று போய்விடுகிறது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனிமேல் வருவது நம் ஆட்கள் சம்பந்தப்பட்டது, எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் மலாயாவின் (இன்றைய மலேசியா) வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதே மண், அதே மழை, அதே மாதிரி நெருக்கடியான குடியிருப்பு, ஆனால் தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களுக்கு அந்த நோய் அபூர்வம். ஊரில் இருந்த மலாய்க்காரர்களுக்கும் அப்படித்தான். பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைக் கவனித்துக் காரணத்தைத் தட்டில் தேடினார். சீனர்கள் வாங்கியது சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் வீட்டில் குத்திய அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. கங்காணிக்கும் கம்பெனிக்கும் கீழே கிடந்து அவ்வளவு கஷ்டத்தை அனுபவித்த ஜனங்களை, ஊரிலிருந்து கூடவே கொண்டுபோன ஒரு சாப்பாட்டுப் பழக்கம் இந்த ஒரு நோயிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

பிராடன் சொன்னதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் ஃபிளெச்சர் என்ற மருத்துவர். கோலாலம்பூர் மனநல விடுதியில் ஆண்டுதோறும் பெரிபெரி வந்துகொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ண வைத்தார். ஒற்றைப்படை எண் ஒரு பக்கக் கட்டிடத்துக்கு, இரட்டைப்படை எதிர்ப்பக்கத்துக்கு. ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய சியாம் பச்சரிசி, இன்னொன்றுக்கு இந்தியப் புழுங்கல், மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றே. கட்டிடத்தில்தான் ஏதோ தொற்று இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நடுவில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை. பச்சரிசி தின்ற 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் தின்ற 123 பேரில் நோய் இருந்தது இரண்டே பேருக்கு, அவர்களும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். 1907இல் இது லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சம்மதம் கேட்க முடியாத மனிதர்களை வைத்துச் செய்த சோதனை, இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அந்த 18 பேர் சாகும்வரை விட்டது சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் புழுங்கலரிசிக்கு இதைவிடப் பலமான சான்று அந்தக் காலத்தில் இல்லை. அடுத்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் அதே மலாயாவில் நெகிரி செம்பிலான் காட்டில் ரோடு போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே செய்து, அரிசியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, சந்தேகமே இல்லாமல் உறுதிப்படுத்தினார்கள்.

நம் ஊரிலேயேகூட இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைய மதராஸ் மாகாணத்தில் பெரிபெரி எங்கே அதிகம் என்று பார்த்தால், விசாகப்பட்டினத்திலிருந்து தெற்கே நெல்லூர் வரை போகும் தெலுங்குக் கடலோரம். அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசிதான் சாப்பாடு. புழுங்கல் புழங்கிய தமிழ் மாவட்டங்களில் அது அரிது. குன்னூரில் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் பிறகு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூரில் இருந்தபோது அதன் இயக்குநராக இருந்த அய்க்ராய்ட், அந்தத் தெலுங்குக் கடலோரத்தில் கைக்குழந்தைகள் பெரிபெரியால் சாவதைப் பற்றி 1941இல் எழுதியிருக்கிறார். இன்னொரு விஷயம், தயமினை ஆய்வுக்கூடத்தில் முதலில் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்ததே நெல்லூரில், 1886இல், மிஷனரி குடும்பத்தில். 1910 வாக்கில் மணிலாவில் வேலை பார்த்தபோது, குரல் அடங்கிச் சாகக் கிடந்த ஒரு கைக்குழந்தையின் வாயில் தவிட்டுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சில மணி நேரத்தில் அது தேறுவதைக் கண்ணால் பார்த்தார். அதிலிருந்து கால் நூற்றாண்டு அந்தப் பொருளைத் துரத்தி, 1936இல் அதன் அமைப்பைக் கண்டுபிடித்துச் செயற்கையாகச் செய்தும் காட்டினார். இன்று ஒரு மாத்திரை சில காசுக்குக் கிடைப்பது அதனால்தான்.

சரி, புழுங்கல் அப்படி என்ன செய்கிறது? நெல்லில் பி1 இருப்பது பெரும்பாலும் மேல்தவிட்டிலும் முளையை ஒட்டிய பகுதியிலும். பச்சையாகக் காய்ந்த நெல்லை ஆலையில் தீட்டினால் அது அப்படியே தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்குப் போகும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தண்ணீரில் கரைகிற இந்தச் சத்து நகர்ந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அவித்த சூட்டில் உள்ளே இருக்கும் மாவு வெந்து இறுகிச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு காயவைத்து அரைத்தாலும் நிறைய மிஞ்சும். நம் நாட்டுப் பழைய உணவு அட்டவணைகளில் 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் 0.06 மி.கி., ஆலைப் புழுங்கலில் 0.21 மி.கி. என்று இருக்கும். ஒருவர் ஒரு நாளில் 400 கிராம் அரிசி சாப்பிடுகிறார் என்று வையுங்கள். புழுங்கலில் 0.84 மி.கி. கிடைக்கும், தேவையில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. பச்சரிசியில் 0.24தான், கால்வாசிகூடத் தேறாது. அதுவும் அடுப்பில் ஏற்றுவதற்கு முந்திய கணக்கு.

அடுப்பில் ஏற்றும்முன்னும் ஏற்றிய பின்னும் நாமே நிறையக் கொட்டிவிடுகிறோம். பச்சரிசியை மூன்று நான்கு தண்ணீர் விட்டுத் தேய்த்துக் களைந்தால் மேலே ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்சமும் கழுநீரோடு போய்விடும். புழுங்கலைக் களைந்தால் அவ்வளவு போகாது, சத்து உள்ளே இறங்கியிருப்பதால். கஞ்சியை வடித்துக் கொட்டினால் வெந்த தண்ணீரில் கரைந்ததும் போச்சு. முன்பு அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தார்கள், குழந்தைக்குக் கொடுத்தார்கள். இப்போது சோறு உதிரியாக வர வேண்டும், சர்க்கரை ஏறக் கூடாது என்று வடித்துச் சிங்க்கில் ஊற்றுகிற வீடுகளே அதிகம். சர்க்கரைக்காக வடிப்பவர்களுக்கு நான் சொல்வது, வடிப்பதைவிடச் சோற்றின் அளவைக் குறைத்துப் பயறையும் காயையும் கூட்டுங்கள், இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கும். இன்னொன்று, பருப்போ கடலையோ சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா உப்புப் போடும் பழக்கம். சோடா உப்பின் காரத்தில் தயமின் சிதைந்துவிடும். இரவே ஊறவைத்துவிட்டால் சோடாவே வேண்டாம்.

கடைகளில் விற்கும் ஸ்டீம் அரிசி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது பச்சைக்கும் புழுங்கலுக்கும் இடைப்பட்டது, ஆவி எவ்வளவு நேரம் காட்டினார்கள், எத்தனை பாலிஷ் போட்டார்கள் என்பது ஆலைக்கு ஆலை மாறும், அதனால் முழுப் புழுங்கலுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சத்துச் சேர்த்த செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும்தான் கட்டாயம். பி1 சேர்ப்பது விருப்பம்தான், அதை நம்பி இருக்க முடியாது. பிரியாணிக்குப் பாஸ்மதி, பொங்கலுக்குப் பச்சரிசி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், மூன்று வேளையும் அதுவே, பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் என்றால்தான் சிக்கல்.

பி1 நிறைந்த சாப்பாடு நம்மிடம் நிறையவே இருக்கிறது, விலையும் அதிகமில்லை. வேர்க்கடலை, எள், உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கம்பு, கேழ்வரகு, தவிடு நீக்காத கோதுமை. பருப்பு வகைகளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய அரை மி.கி., வேர்க்கடலையில் அதற்கும் மேல். அசைவத்தில் பன்றியிறைச்சி மாதிரி இதில் வேறொன்று இல்லை. இட்லி, தோசையில் உளுந்து இருப்பதால் வெறும் சோற்றைவிட எவ்வளவோ மேல். சாமை, வரகு வாங்கும்போது மட்டும் பாருங்கள், இப்போது அதையும் அரிசி மாதிரி வெள்ளையாகத் தீட்டித்தான் நிறைய இடத்தில் விற்கிறார்கள். சிறுதானியம் என்ற பேர் மட்டும் இருந்து தவிடு போயிருந்தால் பி1 விஷயத்தில் பிரயோஜனம் குறைவு. சாப்பாட்டோடு சேர்த்துக் கடும் டீ குடிப்பதும், ஓயாமல் பாக்கு மெல்லுவதும் கிடைக்கிற பி1ஐயும் கெடுக்கும்.

இப்போது யாருக்கு ஆபத்து என்ற விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இன்று பி1 பற்றாக்குறையை அதிகம் பார்ப்பது குடிநோயாளிகளிடம்தான். குடிக்கிறவர் சரியாகச் சாப்பிட மாட்டார், சாப்பிட்டதிலும் பி1ஐக் குடல் உறிஞ்சாமல் மது தடுக்கும், கெட்டுப்போன கல்லீரலால் அதைப் பயன்படுத்தவும் முடியாது. ஒரு நாள் திடீரென்று ஆள் தடுமாறி நடப்பார், கண் இரண்டும் ஒத்துப் போகாமல் இரட்டையாகத் தெரியும், எந்த ஊர், என்ன கிழமை என்று குழம்புவார். வீட்டில் என்ன நினைப்பார்கள்? இன்னும் போதை தெளியவில்லை என்று திண்ணையில் படுக்க வைத்துவிடுவார்கள். இதற்கு வெர்னிக்கே நோய் என்று பேர். அந்த நேரத்தில் ஊசி வழியாக தயமின் கொடுத்தால் கண் சில மணி நேரத்திலேயே சரியாகத் தொடங்கும். விட்டுவிட்டால் புதிதாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத கோர்சகாஃப் நிலைக்குப் போய்விடும், அதிலிருந்து முழுதாகத் திரும்புகிறவர்கள் குறைவு. மூன்று அடையாளமும் ஒன்றாகத் தெரிவது பாதிப்பேருக்கும் குறைவுதான், அதனால் குடிக்கிறவர் குழம்பினால், அல்லது தள்ளாட்டம் போதை தெளிந்த பிறகும் நின்றால், காத்திருக்காதீர்கள். அசதியாக இருக்கிறார், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடலாம் என்று பக்கத்து கிளினிக்கில் செய்வதுதான் எனக்கு ரொம்பப் பயமான விஷயம். பி1 காலியாக இருக்கும் உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலைமை முற்றிவிடும். குளுக்கோஸோடு அல்லது அதற்கு முன்பே தயமின் போக வேண்டும். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால் மட்டும் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். "இவர் குடிப்பவர், பி1 ஊசி போடுவீர்களா" என்று கூடப் போகிறவர் வாய்விட்டுக் கேட்பதில் தப்பே இல்லை.

இதைக் குடிகாரர் நோய் என்று முத்திரை குத்தி வைத்திருப்பதால் மற்றவர்களிடம் தவறவிடுகிறோம். 1881இல் கார்ல் வெர்னிக்கே முதலில் எழுதிய மூன்று நோயாளிகளில் ஒருவர் குடிக்காத இளம்பெண், அமிலம் குடித்து வயிறு கெட்டு வாந்தி நிற்காமல் இருந்தவர். இன்றைக்கும் கர்ப்பத்தில் மசக்கை மிஞ்சி வாரக்கணக்கில் ஒன்றும் தங்காமல் வாந்தி எடுப்பவர், எடை குறைக்க வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், நாள்கணக்கில் பட்டினி கிடந்து திடீரென்று சாப்பிடத் தொடங்குபவர், இதயக் கோளாறுக்கு நீர் பிரியும் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர், டயாலிசிஸில் இருப்பவர் எல்லோரும் இந்தப் பட்டியலில் உண்டு. 2003இல் இஸ்ரேலில் ஒரு சோயா பால்பவுடரில் பி1 விட்டுப்போனதால் கைக்குழந்தைகள் மூளை பாதிக்கப்பட்டு, சில குழந்தைகள் இறந்தே போயின. பணக்கார நாடு, நல்ல மருத்துவமனை, அப்படியும்.

அடுத்து உங்கள் தங்கை. தாய்ப்பாலில் இருக்கும் பி1 தாய் சாப்பிடுவதைப் பொறுத்தது. தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும், தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலே குழந்தை விழும். பெரும்பாலும் பிறந்து இரண்டு மூன்று மாதத்தில், அதுவரை கொழுகொழுவென்று இருந்த, தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தை. காஷ்மீரிலும், ஹைதராபாத் பக்கத்திலும் சமீப ஆண்டுகளில் குழந்தை மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஹைதராபாத் குழந்தைகள் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறி மூச்சுத் திணறலோடு ஐசியூவுக்கு வந்தவர்கள். தாய்மார்களை விசாரித்தால் பிரசவத்துக்குப் பிறகு தீட்டிய வெள்ளைச் சோறும் அதனோடு ஏதோ கொஞ்சமும்தான், பருப்பு ஆகாது, காய் ஆகாது என்ற கட்டுப்பாடு. தயமின் ஊசி போட்ட ஓரிரு நாளில் அந்தக் குழந்தைகளின் இதயம் சீரானது. எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் குன்னூர் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் தெலுங்குக் கடலோரத்தில் பார்த்த அதே நோய், அதே மாதிரிச் சோறு.

நம்மூர்ப் பத்தியம் எல்லாமே கெடுதல் என்று சொல்ல வரவில்லை. பூண்டுக் குழம்பு, கருவாடு, பால்சுறாப் புட்டு, முட்டை, நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களி என்று போடுகிற வீடுகளில் தாய்க்கு நன்றாகவே சத்துப் போகும். பயப்பட வேண்டியது இன்னொரு மாதிரி வீட்டை. பச்சரிசியைக் குழைய வடித்து, தெளிவு ரசம், சுட்ட அப்பளம், பூண்டு நாலு பல், பருப்பு வாயு, பயறு குழந்தைக்கு மாந்தம், தண்ணீர்கூட அளந்துதான் என்று நாற்பது நாள். கையிருப்பு இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும் என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். தாய் பருப்பு சாப்பிட்டால் குழந்தைக்கு மாந்தம் வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பெரியவர்களிடம் சண்டை போட வேண்டாம், அவர்கள் ஒத்துக்கொள்வதிலிருந்து தொடங்குங்கள்: உளுந்தங்களி, பாசிப்பருப்புப் போட்ட பொங்கல், எள்ளுப்பொடி, முட்டை, சோற்றைப் புழுங்கலுக்கு மாற்றுவது. இவற்றை யாரும் ஆகாது என்று தள்ள மாட்டார்கள். கூடவே பேறுகால மருத்துவரிடம் கேட்டு, இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு பி காம்ப்ளெக்ஸ் ஒன்றும் தினமும் சேர்த்துக்கொள்வது நல்லது, பால் கொடுக்கும் தாய்க்கு அது பாதுகாப்பானது.

மாத்திரை பற்றி மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பி1க்கு மேல்வரம்பு என்று எதுவும் வைக்கப்படவில்லை, வாயால் அதிகம் சாப்பிட்டால் சிறுநீரில் போய்விடும். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாக வருவது அதே மாத்திரையில் இருக்கும் பி2வால், பயப்பட வேண்டாம். ஆனால் கால் எரிகிறது, மரத்துப்போகிறது என்றவுடன் மருந்துக்கடையில் சத்து ஊசி கேட்டு வாரம் ஒன்று போட்டுக்கொள்வது சரியில்லை. அதற்குச் சர்க்கரை நோய், பி12 குறைவு, தைராய்டு என்று பல காரணம் உண்டு, அதிலும் சைவம் சாப்பிடுபவரும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவரும் பி12ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும். பி1ஐ ரத்தத்தில் அளக்க முடியும், ஆனால் எல்லா லேபிலும் கிடையாது, முடிவு வர நாளாகும். அதனால் பெரிபெரியோ வெர்னிக்கேவோ என்று பலமாகச் சந்தேகப்பட்டால் மருத்துவர்கள் முடிவுக்குக் காத்திருக்காமல் ஊசியைத் தொடங்கிவிடுவார்கள், மருந்து மலிவு, ஆபத்து மிகக் குறைவு, தாமதம்தான் கெடுதல்.

கடைசியாகத் தங்கை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைக்க வேண்டியது: குழந்தை பால் குடிக்க மறுத்தால், ஓயாமல் அழுதால், வாந்தி எடுத்தால், வாய் அழுகிற மாதிரி திறந்தும் சத்தம் வராமல் குரல் கம்மிப்போனால், வேகமாக மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், உரை மருந்து, சுற்றிப்போடுவது என்று ஒரு வேளையும் தள்ளாமல் குழந்தைகள் வார்டு இருக்கும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இதே அடையாளங்கள் வேறு நோயிலும் வரும் என்பதால் அங்கே நிறையக் கேள்வி கேட்பார்கள், தாய் என்ன சாப்பிடுகிறாள் என்ற கேள்வி அவசரத்தில் விட்டுப்போகலாம். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: தாய்ப்பால் மட்டும்தான், அம்மா இத்தனை நாளாகப் பச்சரிசிச் சோறும் ரசமும்தான் சாப்பிடுகிறாள், பருப்பு கொடுக்கவில்லை.